கதவு மாமா

சாவி கொடுக்க வந்த வீட்டுத் தரகர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கீழே கூடம், சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாரானார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு இருந்தது. இடுப்பு உயரம்தான். கைப்பிடி இல்லை. சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்டையே அதன் மேலும் அடித்து இடுக்குகளையெல்லாம் மூடியிருந்தார்கள். அது என்ன என்று அவள் கேட்டாள். அது திறக்காது, அதை வீட்டோடு சேர்க்காதீர்கள் என்று தன் மொழியில் சொல்லிவிட்டு அவர் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"துடைப்பம் வைக்கிற இடமா இருக்கும்" என்றான் கணவன். "நம்மகிட்ட இருக்கறதே ஒரு துடைப்பம். அது சமையல்கட்டுலயே நிக்கட்டும்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த நகரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவளுக்கு வீட்டிலேயே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஒரு பதிவு வந்தால் இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் போயாக வேண்டும். தாமதமானால் அடுத்த பதிவு வேறு யாருக்காவது போய்விடும்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு ஐந்து வயது. எதைச் சொன்னாலும் "நேத்து வேற மாதிரி சொன்னியே?" என்று குறுக்கு விசாரணை செய்வதால் வீட்டில் அவள் பெயர் வக்கீலம்மா. சின்னவனுக்கு இரண்டரை. ஒரு கிண்ணம் சோறு உள்ளே போக ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். அதனால் அவன் பெயர் பயில்வான்.

வெளிநாட்டில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும், சோறு ஊட்டுவதற்கு வேடிக்கை காட்டும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பது. அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது. ஜன்னலுக்கு வெளியே மழையும், எதிர்வீட்டின் மூடிய ஜன்னலும்தான் இருந்தன. ஒரு நாள் மதியம், பதிவு காத்துக்கொண்டிருக்கிறது, பயில்வான் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கெஞ்சினாள், கொஞ்சினாள், கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்தாள். படிக்குக் கீழே இருந்த அந்தக் கதவு கண்ணில் பட்டது.

"சாப்பிடலேன்னா கதவு மாமாகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். சொன்னதோடு விடாமல் எழுந்து போய், விரலை மடக்கிக் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

"மாமா, இருக்கீங்களா? இங்க ஒருத்தன் சாப்பிட மாட்டேங்கறான். வந்து என்னன்னு கேளுங்க."

பயில்வானின் வாய் தானாகத் திறந்தது.

இதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போலீஸ்காரர், ஊசி போடுகிற டாக்டர், சாக்குப்பை தூக்கிக்கொண்டு போகிறவர் என்று யாரிடமாவது பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லித்தான் நம்மில் பாதிப் பேரை வளர்த்திருக்கிறார்கள். யாரும் வந்து வாங்கிக்கொண்டு போனதில்லை.

அடுத்த சில நாட்களில் ஒன்றரை மணி நேரம் பத்து நிமிடமாகக் குறைந்தது. கிண்ணத்தோடு போய் இரண்டு தட்டு, 'மாமா' என்று ஒரு குரல், அவ்வளவுதான். பதிவுகள் நேரத்துக்குப் போயின. பயில்வானின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. நாமும் புத்திசாலிதான் என்று அவள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

பத்தாம் நாளோ என்னவோ, அவள் இன்னும் சமையலறையில்தான் இருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கதவுப் பக்கம் போகவே இல்லை.

டொக். டொக்.

இரண்டு தட்டு.

கூடத்தின் தரையில் வக்கீலம்மா படம் வரைந்துகொண்டிருந்தாள். பயில்வான் நாற்காலியில் இருந்தான். இருவரும் கதவிலிருந்து எட்டடி தள்ளி இருந்தார்கள்.

"யாருடி தட்டினது?"

வக்கீலம்மா படத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாமா. அவரு தினமும் கேக்கறாரு."

"என்ன கேக்கறாரு?"

"எப்பக் குடுப்பேன்னு."

பிசைந்த கையோடு அவள் கதவுக்குப் பக்கத்தில் போனாள். கதவின் அருகே ஒரு வாடை வந்தது. கழுவாமல் விட்ட பால் புட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

மாலையில் கணவன் வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பழைய வீடு. சுடுதண்ணிக் குழாய் சூடாகி ஆறும்போது அப்படித்தான் தட்டும். வக்கீலம்மாவுக்கு நீயே கதை சொல்லிக் குடுத்துட்டு, அவ திருப்பிச் சொன்னா பயப்படறியே."

"ஒரு தடவை காதை வெச்சுக் கேட்டுப் பாருங்க. எனக்காக."

மூடிய கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று காது வைத்துக் கேட்பதுதான் அவன் பிழைப்பு. அவளைச் சமாதானப்படுத்துவதற்காக முழங்காலிட்டு, கதவில் காதை வைத்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. சிரிப்பு போய்விட்டது. கையைத் தூக்கி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான்.

"என்னங்க?"

"உள்ள யாரோ மூச்சு விடறாங்க."

வேலைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, பெயின்ட் இடுக்கைச் சுற்றிலும் கீறினான். திருப்புளியால் நெம்பினான். கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு சாண் ஆழத்தில் செங்கல் சுவர் நின்றது. துடைப்பத்தைச் சாய்த்து வைக்கக்கூட இடம் போதாது. அவன் சுவரைத் தட்டினான், கெட்டியாக இருந்தது. அப்புறம்தான் தரையைப் பார்த்தான். அங்கே ஓர் உருண்டைச் சோறு இருந்தது. குழந்தைக்கு ஊட்ட உருட்டுகிற அளவு. அதில் விரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது.

அவன் தொட்டுப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

கதவைச் சாத்தி, செருப்பு அலமாரியை இழுத்து அதற்கு முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கே வேறு வீடு தேட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளோடு இருக்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு நினைத்த மாத்திரத்தில் வீடு கிடைத்துவிடுமா? கிடைக்கும் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவள் தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் பயில்வான் மாறிவிட்டிருந்தான். யாரும் மிரட்டாமலே கிண்ணத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். வயிறு நிறைந்த பிறகும் திறந்தான். "போதுமாடா கண்ணு?" என்று கேட்டால் செருப்பு அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வாயைத் திறந்தான். எந்தத் தாய் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் குடிபோகலாம் என்று ஒரு வீடும் அமைந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

பள்ளி விடுமுறை நாள். மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் கணவன் காலையிலேயே கிளம்பியிருந்தான். அவளுக்கு இரண்டு பதிவுகள் வரிசையில் இருந்தன. காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பெல்லாம் வலி. பயில்வானுக்கு ஊட்டிக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஏழாவது வாயோ எட்டாவது வாயோ, அவனுக்குக் குமட்டியது. சாப்பிட்டதையெல்லாம் கீபோர்டின் மேலே கக்கினான்.

பழகின நாக்கு. அவள் யோசிக்கவே இல்லை.

"முடியலடா என்னால! இந்தாங்க மாமா, இவனைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு வேண்டாம்!"

சொல்லி முடித்த அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டாள். பயில்வானை வாரி எடுத்து, "இல்லடா தங்கம், அம்மா சும்மா சொன்னேன், சும்மாடா" என்று முத்தமாகக் கொடுத்தாள். கதவைப் பார்த்தாள். தட்டும் சத்தம் வரவில்லை. வாடை வரவில்லை. ஐந்து நிமிடம் அவனை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு கீபோர்டைத் துடைத்து, அவனை அக்காவின் பக்கத்தில் கட்டைகளோடு உட்கார வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பத்து நிமிட வேலைதான் பாக்கி. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் செய்தாள். கடைசி இரண்டு வரிக்கு மட்டும் திரும்பவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். கூடம் அமைதியாக இருந்தது. பிள்ளைகள் இருக்கிற வீடு அவ்வளவு அமைதியாக இருக்காது.

செருப்பு அலமாரி இரண்டடி தள்ளி நின்றது. அதிலிருந்து ஒரு செருப்புகூட விழவில்லை.

கதவு திறந்திருந்தது.

வக்கீலம்மா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி எங்கடி?"

"மாமா கூட்டிட்டுப் போயிட்டாரு."

"நீ ஏன் என்னைக் கூப்பிடல? ஏன் கத்தல?"

குழந்தையின் உதடு நடுங்கியது. "நீதானேம்மா கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னே?"

தரையில் விழுந்து கதவுக்குள் கையை விட்டாள். ஒரு சாணில் தட்டுப்பட வேண்டிய செங்கல் தட்டுப்படவில்லை. முழங்கை போயிற்று. தோள் வரைக்கும் போயிற்று. உள்ளே குளிராக இல்லை. யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுவதுபோல் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"பயில்வான்! டேய் கண்ணா! அம்மா இருக்கேண்டா, வாடா!"

ஒன்றுமில்லை.

"எனக்கு வேணும்டா! நீ எனக்கு வேணும்!"

அப்போது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அவனுடைய குரல் இல்லை. மூன்று, நான்கு வயது இருக்கலாம். அந்த ஊரில், அந்த இருட்டில், சுத்தமான தமிழில் ஒரு குழந்தை கிசுகிசுத்தது.

"சத்தம் போடாதீங்க. மாமா தூங்கறாரு."

அந்தப் பெயரை வைத்தது அவள்தானே? அன்று மதியம், அவள் வாயில்தானே முதன்முதலாக வந்தது?

"நீ யாரும்மா?" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

"நான் சாப்பிடவே மாட்டேன்னு அம்மா குடுத்துட்டாங்க." குரல் விசும்பியது. "இப்ப சாப்பிடறேன். எவ்வளவு குடுத்தாலும் சாப்பிடறேன்."

எந்தத் தாய் எந்த அவசரத்தில் சொன்ன வார்த்தையோ.

"என் பையன் அங்க இருக்கானா?"

"இருக்கான். அழறான். எழுப்பிடப் போறான்."

உள்ளே, ரொம்ப ஆழத்தில், ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. வீட்டின் படிக்கட்டு முழுவதும் ஒரு முறை முனகியது.

"அவனைக் கூட்டிட்டு வா. நீயும் வா" என்றாள் அவள், உதடு மட்டும் அசைய. "ரெண்டு பேரும் வாங்க. என் கையைப் புடிச்சுக்கோங்க. வீட்டுக்குப் போலாம்."

உள்ளே விசும்பல் நின்றது.

"என்னையுமா?"

"உன்னையும்தான்."

"நிஜமாவா? மறுபடி குடுத்துட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம். எப்பவும் எங்ககூடத்தான். வா."

சின்ன விரல்கள் அவள் ஆள்காட்டி விரலைச் சுற்றின. அவன்தான். தூக்கத்தில் பிடித்தாலும் தெரிகிற பிடி. முழு பலத்தையும் கொடுத்து இழுத்தாள். பயில்வான் தலையெல்லாம் செங்கல் தூளோடு அவள் மார்பில் வந்து விழுந்தான். உயிர் போய் உயிர் வந்தது. இன்னொரு கைக்காக மறுபடி உள்ளே துழாவினாள். விரல் நுனி செங்கலில் இடித்தது. ஒரு சாண். அவ்வளவுதான் ஆழம்.

கணவன் வந்தபோது மூன்று பேரும் வாசல்படியில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான்.

புது வீடு நான்காம் மாடியில். மாடிப்படிக்குக் கீழே வீட்டுக்குள் எதுவும் இல்லை, ஏனென்றால் வீட்டுக்குள் மாடிப்படியே இல்லை. பார்த்துப் பார்த்து எடுத்த வீடு. இரண்டாம் வாரம் பயில்வான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு "வேண்டாம் போ" என்றான். மகன் சோறு வேண்டாம் என்றதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவன் மிச்சம் வைத்த உருண்டை மட்டும் சற்று நேரத்தில் காணாமல் போனது. மறுநாளும் அப்படியே. அவளுக்குப் புரிந்தது. பயம் வரவில்லை. பாவம், அந்தக் குழந்தையும் எப்படியோ கூடவே வந்துவிட்டது. சொன்ன சொல்லை நம்பி வந்திருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள் அல்லவா? அன்று முதல் தட்டில் ஓர் உருண்டை அதிகமாக உருட்டி வைத்தாள். நாளாக ஆக அது இரண்டாயிற்று, நான்காயிற்று. எல்லாம் காலியானது. தன் நாக்கு செய்த பாவத்துக்கு ஏதோ ஒரு பரிகாரம் கிடைத்ததாக நினைத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு நாள் வக்கீலம்மா கேட்டாள்: "அவரு எப்பம்மா போவாரு?"

"குட்டிப் பிள்ளையை அவருன்னு சொல்லுவாங்களா? பாவம்டி, இருந்துட்டுப் போகட்டும்."

வக்கீலம்மா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

பயில்வானுக்கு மூன்று வயது நிறைந்ததும் தடுப்பூசிக்குக் கூப்பிட்டார்கள். காலை நேரம். கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் விழுகிற, மருந்து வாசனை அடிக்கிற அறை. நர்ஸ் சிரித்த முகத்தோடு அவனை எடை மேடையில் ஏறி நிற்கச் சொன்னாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

தொண்ணூற்று நான்கு கிலோ.

நர்ஸ் சிரித்துவிட்டாள். மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தன் மொழியில் சொல்லி, பொத்தானை அழுத்தி மறுபடி பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. பையனை இறக்கிவிடச் சொல்லிவிட்டு, வேறு மெஷின் கொண்டுவரப் பக்கத்து அறைக்குப் போனாள்.

அவள் பயில்வானைத் தூக்கிக் கீழே விட்டாள். அவன் எடை எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

மேடையில் யாரும் இல்லை. எண் பூஜ்யத்துக்குப் போகவில்லை.

எண்பத்தொன்று.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் குட்டிப் பிள்ளைக்கு எண்பத்தொரு கிலோ இருக்கும்?

பயில்வான் மேடையின் பக்கம் திரும்பினான். தன் வயதுப் பிள்ளைக்குக் கை நீட்டுகிற மாதிரி நீட்டவில்லை. குதிகாலைத் தூக்கி, அப்பாவின் கையைப் பிடிக்கத் தூக்குகிற உயரத்துக்குக் கையைத் தூக்கினான். அவன் விரல்கள் எதையோ பற்றிக்கொண்டு மூடின. மேடை ஒரு முறை கிரீச்சிட்டது. எண் பூஜ்யமாயிற்று.

"அம்மா" என்றான் பயில்வான், மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே. "மாமாவோட இன்னொரு கையை நீ புடிச்சுக்கணுமாம்."